முதல் பறப்பில் இருக்கை யாருக்கு? கட்டியவருக்கா, பழகியவருக்கா, இருவருக்குமா?

சொந்தக் கையால் விமானம் கட்டுவோருக்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1953-ஆம் ஆண்டு பால் போபெரெஸ்னி தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன், இன்று நாடெங்கும் சிறு விமான நிலையங்களில் கிளை பரப்பியிருக்கிறது. மாதக் கூட்டங்கள், ரிவெட் அடிக்கவும் இறக்கைக்குத் துணி போர்த்தவும் கற்றுத்தரும் பட்டறைகள், 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளை இலவசமாக வானில் அழைத்துச் செல்லும் 'யங் ஈகிள்ஸ்' திட்டம் என்று அந்தக் கிளைகள் செய்யும் பணிகள் பல. இருந்தும், ஒரு கிளை தன் உறுப்பினருக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி, கட்டி முடித்த விமானத்தை முதன்முதலில் யார் ஓட்டுவது என்ற முடிவை அவர் ஆசையால் எடுக்காமல் நிதானத்தோடு எடுக்கத் துணைநிற்பதுதான் என்று நான் கருதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் இருப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் பொது விமானப் பயன்பாட்டில் (விமானச் சேவை நிறுவனங்களும் ராணுவமும் சாராத பறப்புகளில்) உள்ள விமானங்களில் ஏறத்தாழ 10 விழுக்காடே தனிநபர்கள் சொந்தமாகக் கட்டியவை. 2011-ஆம் ஆண்டின் விபத்துகளிலோ அவற்றின் பங்கு சுமார் 15 விழுக்காடு, உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் 21 விழுக்காடு. இன்ஜின் செயலிழப்பும் பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதும் முதன்மைக் காரணங்களாக இருந்தன என்றும், விபத்துகளில் பெரும்பகுதி விமானத்தின் ஆயுளில் தொடக்கக் காலத்திலேயே நிகழ்ந்தன என்றும் அந்த ஆய்வு காட்டியது.

முதல் வழி, கட்டியவரே தனியாக ஏறுவது. சட்டம் இதைத் தடுப்பதில்லை. உரிய விமானி உரிமம் இருந்தால் போதும். மக்கள் நெருக்கம் இல்லாத பகுதிக்கு மேலே, பயணிகள் இல்லாமல், முதற்கட்டச் சோதனைப் பறப்பை அவரே நடத்தலாம். சான்றளிக்கப்பட்ட இன்ஜினும் அதற்குரிய புரொப்பல்லரும் இணைந்திருந்தால் அந்தக் கட்டம் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையேல் 40 மணி நேரம். கட்டியவருக்குச் சாதகமான வாதம் வலுவானதுதான்: எந்தக் குழாய் எங்கே வளைகிறது, எந்த மின்கம்பி எந்த ஃபியூஸில் முடிகிறது என்பதை அவரளவுக்கு அறிந்தவர் எவருமில்லை. ஆனால் வானில் முதல் பத்து நிமிடங்களில் அந்த அறிவு கைகொடுக்கும் தருணங்கள் மிகக் குறைவு. கட்டிய ஆண்டுகளில் அவருடைய பணமும் வார இறுதிகளும் ஹேங்கருக்கே போயிருக்கும். விமானம் ஓட்டும் பழக்கம் சத்தமில்லாமல் தேய்ந்திருக்கும். செஸ்னா 172-இல் கற்றவருக்கு, விரல் அழுத்தத்துக்கே திரும்பும் ஆர்வி-7 போன்ற விமானம் வேறொரு சுபாவம் கொண்டது. சோதிக்கப்படாத இன்ஜினையும் பழக்கம் விட்டுப்போன கையையும் ஒரே நாளில், ஒரே இருக்கையில் சோதிப்பதே இந்த வழியின் அடிப்படைக் குறை. அதே ரக விமானத்தில், உரிய பயிற்சியாளரோடு, அண்மையில் பழகியிருந்தால் மட்டுமே இதை ஏற்கலாம்.

இரண்டாவது வழி, அந்த ரகத்தில் நிறையப் பறந்த ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கட்டியவர் தரையில் நிற்பது. மனத்துக்கு இதைவிடக் கடினமானது வேறில்லை. ஆண்டுக்கணக்கான உழைப்பின் முதல் எழுச்சியை வேறொருவர் அனுபவிப்பதைப் பார்த்து நிற்கச் சொல்கிறோம் என்பதை அறிவுரை சொல்பவர்கள் மறக்கக் கூடாது. எனினும் இதில் கிடைக்கும் பலன் தெளிவானது: எண்ணெய் வெப்பம் ஏறினாலும், இன்ஜின் தடுமாறினாலும், விமானத்தைப் பறக்கவைக்கும் வேலை அந்தக் கைகளுக்குப் புதிதல்ல என்பதால் கவனம் முழுவதும் கோளாறின் மேல் செல்லும். ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை, நெருங்கும்போது அந்த ரகம் எப்படி அதிரும் என்பதும், இறங்கும்போது எந்த வேகம் குறைவானது என்பதும் அவருக்கு உடலிலேயே பதிந்திருக்கும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வந்தவருக்கு ரகம் தெரியும். இந்த விமானம் தெரியாது. ஒரே பொதுப்பெயர் கொண்ட இரண்டு விமானங்களில் எரிபொருள் வால்வு இரண்டு இடங்களில் இருக்கலாம், சுவிட்சுகள் தலைகீழாகக்கூட அமைந்திருக்கலாம். ஆகவே கட்டியவர் அவரை அமரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கைப்பிடியையும் தொட்டுக் காட்டும்வரை பழக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: பழகியவர் பத்திரமாக இறக்கிக் கொடுத்த பின்பு கட்டியவர் என்றேனும் ஏறத்தானே வேண்டும்? இயந்திரத்தின் முதல் நாள் கடந்துவிட்டது, ஓட்டுநரின் முதல் நாள் இன்னும் வரவில்லை. இந்த வழியைத் தேர்ந்தவர்கள் முழு ஆபத்தும் கழிந்ததாக நினைத்துப் பயிற்சியைத் தள்ளிப்போட்டால், ஒத்திவைத்த ஆபத்து அப்படியே காத்திருக்கும்.

மூன்றாவது வழி அந்த இடைவெளியை நிரப்ப வந்தது. முதற்கட்டச் சோதனையில் விமானத்தை இயக்கத் தேவையானவர் தவிர எவரும் ஏறக்கூடாது என்பதே நெடுநாள் விதி. 2014-இல் அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் 90-116 எண் சுற்றறிக்கையின் வழியாக, வரையறுத்த தகுதிகள் கொண்ட கூடுதல் விமானி ஒருவர் முதல் பறப்பிலிருந்தே உடன் அமர இடமளித்தது. விமானம் கிட்டிலிருந்து (நிறுவனம் விற்கும் பாகங்களின் தொகுப்பிலிருந்து) கட்டப்பட்டதாகவும், இரு இருக்கைகளிலிருந்தும் ஓட்டக்கூடிய இரட்டைக் கட்டுப்பாடு உடையதாகவும் இருக்க வேண்டும். உடன் வருபவரின் அனுபவம் பொதுவானதாக இருந்தால் போதாது, அந்த ரகத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். விமானத்தை அறிந்தவரும் ரகத்தை அறிந்தவரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பதால், முதல் இரண்டு வழிகளின் குறைகளும் பெரும்பாலும் இங்கே மறைகின்றன. இரு இருக்கை கிட் விமானம் கட்டியவர் எவர் கேட்டாலும் என் பரிந்துரை இதுவே.

அதற்காக இதைக் கண்மூடி ஏற்பதும் தவறு. இன்ஜின் நின்றால் ஆபத்து இரண்டு உயிர்களுக்கு. எடை கூடுவதால் மேலேறும் வேகம் குறையும், ஈர்ப்பு மையம் இடம்பெயரும். ஆகவே எடைக் கணக்கை இருவரையும் சேர்த்துத் தனியாகப் போட்டாக வேண்டும். ஓடுபாதையில் நுழையும் முன்பே யார் ஓட்டுகிறார், எந்தச் சொல்லைக் கேட்டவுடன் கட்டுப்பாட்டைக் கைமாற்ற வேண்டும் என்பது முடிவாகியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த விதி நண்பரைத் துணைக்கு அழைத்துச் செல்வதற்கான அனுமதி அல்ல. ஒற்றை இருக்கை கொண்ட ஆர்வி-3 போன்றவற்றுக்கும், சொந்த வடிவமைப்பில் உருவானவற்றுக்கும் இந்த வழி கிடையாது. அவற்றில் இரண்டாவது வழியையே முதலில் பரிசீலிக்கச் சொல்வேன்.

பழைய விமானத்தை வாங்குவோரும் இந்த ஒப்பீட்டுக்குள் வருவார்கள். மேற்சொன்ன ஆய்வின்படி, 2011-இல் ஆராயப்பட்ட இத்தகைய விமானங்களின் விபத்துகளில் பாதிக்கு மேற்பட்டவை, வேறொருவர் கட்டியதை வாங்கியவர்களின் விமானங்களுக்கு நேர்ந்தவை. 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் உயிரிழந்தது, தாம் அண்மையில் வாங்கிய லாங்-ஈஇசட் விமானத்தில். வரைபடப்படி விமானியின் கால்களுக்கிடையே அமைய வேண்டிய எரிபொருள் தேர்வுக் கைப்பிடியை, கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதை எட்டித் திருப்ப முயன்றபோது வலது சுக்கான் மிதி அறியாமல் அழுந்தியிருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு கூறியது. அந்த ரகத்தில் போதிய பழக்கப் பயிற்சி இல்லாததும், புறப்படும் முன் எரிபொருளைச் சரியாகத் திட்டமிடாததும் காரணங்களாகப் பதிவாயின. வாங்கியவரின் முதல் நாளும் முதல் பறப்பாகவே எண்ணப்பட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தரையில் செய்ய வேண்டியவை மாறுவதில்லை. கிளையின் தொழில்நுட்ப ஆலோசகரை, இறக்கையின் தோலை மூடுவதற்கு முன்பே அழைத்துக் காட்ட வேண்டும். மூடிய பிறகு அவராலும் உள்ளே பார்க்க முடியாது. பறப்பு ஆலோசகர் விமானத்தை ஓட்டமாட்டார், உங்கள் திறனையும் அந்த விமானம் கேட்கும் திறனையும் உங்களோடு உட்கார்ந்து ஒப்பிடுவார். இருவரும் தன்னார்வலர்கள். இன்ஜின் செயலிழப்பில் எரிபொருள் அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், மூக்கை உயர்த்திய நிலையில் எரிபொருள் ஓட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். மேலெழும்போது இன்ஜினுக்குத் தேவைப்படும் அளவைப்போல் ஈர்ப்பால் இறங்கும் அமைப்பில் 150 விழுக்காடும், பம்பு உள்ள அமைப்பில் 125 விழுக்காடும் வந்தாக வேண்டும். முதல் பறப்பின் நாளைக் கிளை முழுவதற்கும் அறிவித்துக் கூட்டம் சேர்ப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். காத்திருக்கும் கூட்டத்தின் முன்னால் பக்கக்காற்று கூடிவிட்டது என்று விமானத்தைத் திரும்ப உள்ளே தள்ளும் மனவுறுதி பலருக்கு வாய்ப்பதில்லை. தீயணைப்பானும் வானொலியும் ஏந்திய இரண்டு மூன்று பேர், காற்று அடங்கிய காலை நேரம், நீண்ட ஓடுபாதை ஆகியவை அன்றைக்குப் போதும். மற்ற உறுப்பினர்களுக்கு மாலையில் செய்தி சொல்லலாம்.