இரண்டு வருசம் ஒன்லைனில விஞ்ஞானம்: மல்லாவி நண்பருக்கு

மின்னல் அடிச்சு எரிஞ்ச ரவுட்டரைக் கிளிநொச்சியில திருத்திக்கொண்டு, மாங்குளத்தில பஸ் மாற நிக்கேக்க நண்பர் ஒருத்தர் கோல் எடுத்தார். "அண்ணை, உங்கட பள்ளிக்கூடத்தில ஓடுற ஒன்லைன் வகுப்பை நாங்களும் எடுப்பமோ?" எழுதுறன் எண்டனான்.

எங்கட பள்ளிக்கூடம் ஒட்டுசுட்டான் பக்கம். தரம் 7க்கு விஞ்ஞானம் ஆங்கிலத்தில. சமயம், வரலாறு தமிழில. இருமொழிக் கல்வி 2001இல தொடங்கினது எண்டாலும், ஆங்கிலத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆக்கள் இஞ்ச வந்து நிக்காயினம். இடமாற்றம் கிடைச்ச அண்டே பஸ் ஏறிடுவினம். அதால கொழும்பில இருந்து ஒரு டீச்சர் சூமில, வகுப்பில நான். நல்லாப் படிப்பிப்பா. டேட்டா, கறண்ட் எல்லாம் சமாளிக்கலாம்.

எனக்கு விசர் வாறது ஒண்டுக்குத்தான். "எனி குவெஸ்சன்ஸ்?" எண்டுபோட்டு மூண்டு எண்ணுற நேரம்தான் பொறுப்பா. பிறகு "குட்!", அடுத்த சிலைட். எங்கட பிள்ளை தமிழில யோசிச்சு, மனசுக்குள்ள ஆங்கிலமாக்கி எழும்ப, நான் ஓடிப்போய் அன்மியூட் அமத்த, அவ எங்கயோ போயிருப்பா.

நெல்லு, பனை மாதிரி ஒருவித்திலைத் தாவரத்துக்குச் சமாந்தர நரம்பமைப்பு, இலை நரம்பெல்லாம் அருகருகா ஓடும் எண்டு படிப்பிச்ச நாள், பின்வாங்கில இருந்த பெட்டை "டீச்சர், பல்மைரா லீஃப்…" எண்டு தொடங்கினவள். பனை ஓலை விசிறி மாதிரி விரிஞ்செல்லோ கிடக்கு, அப்ப எப்பிடிச் சமாந்தரம்? நான் இத்தனை வருசமும் யோசிக்காத கேள்வி. அங்கால "குட்!" பிள்ளை இருந்திட்டாள். இடைவேளைக்கு வடலியில ஒரு பச்சை ஓலை வெட்டி, ஒரு மடிப்பைக் கிழிச்சு வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டினன். நரம்பெல்லாம் நீளத்துக்கு அருகருகா ஓடுது. பாத்திட்டு, "இதை டீச்சருக்கும் காட்டோணும் சேர்" எண்டாள்.

பத்து எண்ணுங்கோ எண்டு டீச்சரிட்டச் சொல்லியும் பாத்தன். ஒரு கிழமை எண்ணினவ.

ஆனா வகுப்புப் பதிவை வட்ஸ்அப்பில அனுப்புவினம், அது பொன். அதே பெட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு ஒருவித்திலைக்கு ஆங்கிலத்தில சொல்லுற "மொனோகொட்டிலிடன்" எண்டதைத் தடக்காமச் சொல்லுறாள். எனக்கு இன்னும் நடுவில நாக்குப் பிரளுது.

இண்டைக்குக் கேட்டால் எடுக்காதேங்கோ எண்டுதான் சொல்லுவன். எடுக்கிறதெண்டால் இடி முழங்கத் தொடங்கினவுடன ரவுட்டர் வயரைக் கழட்டிப் போடுங்கோ.