காலர் இல்லாத 70-300 லென்ஸை ட்ரைபாடில் வைத்து எடுத்த நான்கு வருடங்கள்

காலர் என்பது லென்ஸ் குழாயைச் சுற்றிப் பிடித்து, லென்ஸையே ட்ரைபாடில் மாட்ட உதவும் வளையம். என் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸில் அது இல்லை. இந்த லென்ஸை முதன்முதலில் ட்ரைபாடில் ஏற்றியது நிலாவை எடுக்கத்தான். 300 மி.மீ.க்கு நீட்டி, ஃப்ரேமின் நடுவில் நிலாவை நிறுத்தி, பால் ஹெட்டின் (ட்ரைபாடின் மேல் கேமராவை எந்தப் பக்கமும் திருப்ப உதவும் பந்து மூட்டின்) குமிழை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். நிலா மேலே ஏறிவிட்டது, ஏறக்குறைய ஒரு நிலா அளவுக்கு. வானத்தில் நிலா தன் விட்டத்தின் அளவு நகர சுமார் 2 நிமிடம் ஆகும். இதுவோ கையை எடுத்த அதே நொடியில் நடந்தது. கேமராதான் அரை டிகிரி தலை குனிந்திருந்தது. ஃபுல் ஃப்ரேமில் (36x24 மி.மீ. சென்சாரில்) 300 மி.மீ.க்குப் படத்தின் உயரமே நாலரை டிகிரி சொச்சம்தான் என்பதால், அந்த அரை டிகிரி அப்படியே கண்ணில் தெரிகிறது.

காரணம் எளிது. லென்ஸ் 700 கிராமுக்குள் இருக்கும். ஆனால் ட்ரைபாட் ஸ்க்ரூ மாட்டுவது கேமரா பாடியின் அடியில். ஜூம் செய்ததும் முன்குழாய் வெளியே நீள, எடை இன்னும் முன்னுக்குப் போகிறது. காலர் இருந்தால் கேமராவும் லென்ஸும் சேர்ந்து நடுவில் நிற்கும். இங்கே மொத்தச் சுமையையும் ஹெட்டின் பிடிமானம்தான் தாங்க வேண்டும்.

"மவுன்ட் உடைந்துவிடாதா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், அதாவது லென்ஸ் பாடியோடு சேரும் இடம். இந்த எடைக்கு அந்தப் பயம் வேண்டாம். ஒன்றரை கிலோவை ஒட்டிய 70-200 எஃப்/2.8 லென்ஸ்களுக்குக் காலர் கூடவே வரும். கேனானின் 70-200 எஃப்/4 எல் போன்றவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும். என் லென்ஸில் காலர் மாட்டவே இடமில்லை, குழாய் முழுக்க ஜூம் வளையமும் ஃபோகஸ் வளையமும்தான். நான்கு வருடத்தில் மவுன்டில் துளி ஆட்டம்கூட வரவில்லை.

உண்மையான தொல்லை செங்குத்துப் படங்களில்தான். கேமராவைச் செங்குத்தாக்க ஹெட்டை அதன் பக்கவாட்டுப் பள்ளத்தில் சாய்த்ததும் ட்ரைபாட் ஸ்க்ரூ கிடைமட்டமாகிவிடுகிறது. முன்னால் நீண்டிருக்கும் லென்ஸ், அந்த ஸ்க்ரூவையே அச்சாக வைத்து பாடியைச் சுழற்றப் பார்க்கிறது. ஷட்டர் பட்டன் மேலே வரும்படி திருப்பினால் லென்ஸின் எடை ஸ்க்ரூவைத் தளர்த்தும் திசையில் இழுக்கிறது. பட்டன் கீழே வரும்படி திருப்பினால் இறுக்கும் திசையில் இழுக்கிறது. இது புரியாமல் முதல் வருடம் முழுக்க, பத்துப் படத்துக்கு ஒருமுறை ப்ளேட்டை (பாடியின் அடியில் திருகி ஹெட்டில் மாட்டும் தகட்டை) கழற்றி இறுக்கிக்கொண்டிருந்தேன். பட்டனைக் கீழே வைத்துப் பழகியபின் பாதித் தொல்லை தீர்ந்தது. பாடியின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் உதடு வைத்த எல்-ப்ளேட் (பாடியின் அடியையும் பக்கத்தையும் சுற்றும் எல் வடிவத் தகடு) வாங்கியதும் மீதியும் போனது. இப்போது ஹெட்டைச் சாய்ப்பதே இல்லை, கேமராவை மட்டும் திருப்பி மாட்டுகிறேன். இந்த லென்ஸுக்காக நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான்.

தலை குனிவதை இன்றும் முழுதாக நிறுத்த முடியவில்லை, பழக்கத்தால் சமாளிக்கிறேன். வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே குறி வைத்து இறுக்கினால், கையை விட்டதும் சரியான இடத்தில் வந்து உட்காரும். பெரிய பந்து உள்ள ஹெட்டுக்கு மாறியபின் குனிவு நன்றாகக் குறைந்தது. ஹெட்டின் மேல் நீளமான ரெயில் (கேமராவை முன்பின் நகர்த்தும் சட்டம்) போட்டு கேமராவைப் பின்னுக்குத் தள்ளினால் எடை பந்துக்கு நேர் மேலே வந்துவிடும். அசையாத காட்சிகளுக்கு அது அருமை, ஆனால் தூக்கிக்கொண்டு நடக்க எனக்குப் பொறுமையில்லை.

அடுத்தது அதிர்வு. லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சியில்) 10 மடங்கு பெரிதாக்கி, தூரத்துக் கம்பத்தின் விளிம்பை வைத்துக்கொண்டு ட்ரைபாட் காலை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். விளிம்பு நடுங்கி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். என் அமைப்பில் 2 நொடி டைமர் போதவில்லை, 10 நொடிதான் வைக்கிறேன். ட்ரைபாடின் நடுக்கம்பத்தை உயர்த்துவதே இல்லை. காற்று அடித்தால் லென்ஸின் முன் இருக்கும் ஹூடைக் கழற்றிவிடுவேன், அது பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். என் லென்ஸ் பழைய மாடல், ட்ரைபாடில் ஐஎஸ்ஸை (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதியை) அணைக்காவிட்டால் அதுவே படத்தை மெல்ல நகர்த்துகிறது.

டிஎஸ்எல்ஆரில் (உள்ளே மிரர் உள்ள கேமராவில்) ஷட்டர் வேகம் 1/2 முதல் 1/60 நொடி வரைதான் ஆபத்தான பகுதி. மிரர் அடிக்கும் அதிர்வு அந்த நேரத்துக்குள் அடங்குவதில்லை. மிரரை முன்கூட்டியே தூக்கி வைத்தாலும், ஷட்டரின் முதல் திரை எலக்ட்ரானிக்காக இருந்தாலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நிலாவுக்கு ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வு அமைப்பை) கூட்டி 1/250க்குப் போய்விடுகிறேன். சென்சாரில் அதன் பிம்பம் 2.7 மி.மீ.தான், அதில் கொஞ்சம் ஆட்டம் வந்தாலும் பள்ளங்களின் விளிம்பு மழுங்கிவிடும்.

பறவைகளுக்கு மட்டும் இந்த லென்ஸை ட்ரைபாடில் வைப்பதை விட்டுவிட்டேன். ஹெட்டைத் தளர்த்தினால் மூக்கு கீழே சரிகிறது, இறுக்கினால் பறவையோடு திரும்ப முடிவதில்லை. அதற்குக் கையில் பிடித்து 1/1000தான்.