பல் பாலிஷ்: ரப்பர் கப்பா, தூள் பீச்சலா?

முன்பல்லில் தேநீர்க் கறை ஏறிவிட்டால் எடுக்க மூன்று வழி உண்டு. வீட்டிலேயே வெண்மைப் பற்பசையோ கரித்தூளோ போட்டுத் தேய்க்கலாம். மருத்துவரிடம் போனால் ரப்பர் கப்பில் பேஸ்ட் வைத்துச் சுழற்றுவார், இல்லையென்றால் காற்றும் தண்ணீரும் சேர்த்து நுண்தூளைப் பீச்சுவார். மூன்றையும் என் பற்கள் பார்த்தாயிற்று. இப்போது நான் தூள் கட்சி. இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றும் எடுப்பது மேற்கறையை மட்டுமே. பல்லின் உள்நிறம் மாறாது, அதற்கு பிளீச்சிங் என்று தனி வழி இருக்கிறது. காரை கெட்டியாகப் படிந்திருந்தால் முதலில் அதைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங். அன்றைய பளபளப்பை வைத்துப் பார்த்தால் கப்பும் தூளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

என் கணக்கு வேறு: கறை போன பிறகு பல்லின் வெளி ஓடான எனாமல் எந்த நிலையில் மிஞ்சுகிறது? எடையில் சுமார் 96 சதவீதம் தாது, உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடும். எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் மென்மையான இடத்தை ஓரளவு இறுக்கித் தரும், தேய்ந்து போன தடிமனைத் திருப்பித் தராது. அந்தத் தடிமனும் கடைவாய்ப் பல்லின் முகட்டில் 2.5 மில்லிமீட்டர் இருந்தால், ஈறோரம் வரும்போது ஒன்றுமில்லாமல் மெலிந்துவிடும்.

அப்புறம் சொரசொரப்பு. பரப்பின் சராசரி மேடுபள்ளம் 0.2 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால் கிருமிப்படலம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது பல் மருத்துவத்தில் அடிக்கடி சொல்லப்படும் எல்லை. கீறல் விழுந்த பல்லில் கறையும் சீக்கிரம் வந்து உட்காரும். உடனே மறுபடி தேய்ப்போம், மறுபடி கீறும். பராமரிப்புச் செலவு என்று நான் சொல்வது இந்தச் சுழற்சியைத்தான்.

ரப்பர் கப் பேஸ்டில் வழக்கமாக இருப்பது பியூமிஸ் என்ற எரிமலைக் கல்லின் தூள். எது எதைக் கீறும் என்று ஒப்பிடும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் சுமார் 6, எனாமல் 5 தான். ஆக, கீறும் சக்தி அதற்கு உண்டு. ஒவ்வொரு முறையும் ஃபுளோரைடு செறிந்த மேற்படலத்தில் சில மைக்ரான் போய்விடலாம். எவ்வளவு போகும் என்பது கையைப் பொறுத்தது: அழுத்தம், வேகம், ஒரே பல்லில் எவ்வளவு நேரம் நிற்கிறது. கரடான பேஸ்டில் தொடங்கினால் மென்பேஸ்டில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கீறல் அப்படியே நிற்கும். நல்ல கையில் மென்பேஸ்ட் மட்டும் போட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை, சரி. ஆனால் கப் வழவழப்பான முகத்தைத்தான் தொடும். பள்ளம், இடுக்கு, கிளிப் போட்ட பல்லின் ஓரம் எதற்குள்ளும் நுழையாது.

தூள் நுழையும். எனக்குப் போட்டது சோடா உப்புத் தூள். அதன் கடினம் 2.5 அளவில், எனாமலைவிட வெகு கீழே. முனை பல்லைத் தொடுவதில்லை, சூடும் இல்லை. வாயெல்லாம் உப்புக் கரிக்கும், முகத்தில் தெறிக்கும், பக்கத்தில் உறிஞ்சுகுழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் நாக்கால் தடவிப் பார்த்தால் பல்லிடுக்கு வரை வழுவழுப்பு. கப் போட்டபோது அந்த இடம் அப்படி இருந்ததில்லை.

தூளுக்கும் எல்லை உண்டு. ஈறு இறங்கி வேர் தெரிந்தால் சோடா உப்பு அங்கே ஆகாது, எனாமலைவிட மென்மையான உட்பகுதியான டென்டினை அரித்துவிடும். பல் நிறத்தில் அடைத்த காம்போசிட்டையும் சொரசொரப்பாக்கும். சொத்தையின் தொடக்கமான வெள்ளைப் புள்ளி இருக்கும் இடத்தில் எதனால் பாலிஷ் செய்தாலும் இழப்பு அதிகம். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் மூச்சுத் தொல்லை உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேர்ப்பக்கத்துக்கென்று கிளைசின், எரித்ரிட்டால் என்ற இன்னும் மென்மையான தூள்கள் இருக்கின்றன. அவை என் வாய்க்கு வந்ததில்லை, அதனால் அனுபவமாகச் சொல்ல முடியாது.

வீட்டுக் கரித்தூளுக்கு அதிக இடம் தர மனமில்லை. கருப்பு நுரை துப்பும்போது ஏதோ பெரிதாக நடக்கிற மாதிரி இருக்கும். துகள் எவ்வளவு கரடு என்று கண்ணுக்குத் தெரியாது, அதையே தினமும் இரண்டு வேளை தேய்க்கிறோம். பற்பசைக்காவது ஆர்.டி.ஏ. என்ற உராய்வு அளவு இருக்கிறது, உலகத் தரத்தில் 250 உச்சவரம்பு. அதுவும் டென்டினில் அளந்த எண்தான். பாலிஷுக்கு இடைப்பட்ட மாதங்களில் நான் பயன்படுத்துவது இந்த எண் குறைவான, ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பசை. புளிப்பு பானம் குடித்த கையோடு பிரஷைத் தொடுவதில்லை, அரைமணி நேரமாவது விட்டுத்தான்.