கிடாரிப்பட்டியா, கீழவளவா?

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் ஒரு காலை நடக்க, பழைய தொழில்களின் தடம் பார்க்க இரண்டு குன்றுகள் உண்டு.

கிடாரிப்பட்டி வழியாக அழகர்மலைக் குகைக்கு ஏறுவது மூச்சு வாங்கும். ஆனால் அங்கே பாறையில் ஒரு கடைத்தெருவே இருக்கிறது. சமணத் துறவிகளுக்கு இருப்பிடம் அமைக்க உதவியவர்களைத் தமிழி (தமிழ்-பிராமி என்னும் பழைய எழுத்து) கல்வெட்டுகள் தொழிலோடு குறிக்கின்றன: உப்பு வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன், அறுவை வணிகன், மதுரைப் பொற்கொல்லன். அறுவை என்றால் துணி, பாணிதம் கரும்புப்பாகு, கொழு ஏரின் இரும்பு முனை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொழுவுக்குத் தனி வியாபாரி! பக்கத்திலேயே சுனை, உட்கார்ந்தால் எழ மனம் வராது.

கீழவளவு பஞ்சபாண்டவர் மலை சாலையோரம், ஏற்றமும் குறைவு. தொண்டியைச் சேர்ந்தவர் அளித்த கொடையைச் சொல்லும் கல்வெட்டு தலைகீழாக வெட்டப்பட்டிருக்கிறது, கழுத்து வலிக்கும். மேலே நின்றால் கண்ணில் படுவது வேறொரு தொழில்: கிரானைட்டுக்காக அறுத்த பாறைகள், நீர் தேங்கிய பள்ளங்கள். 2012-இல் முறைகேடுப் புகார்களால் குவாரிகள் முடங்கின. பள்ளங்களின் விளிம்புக்குப் போக வேண்டாம்.

முழங்கால் ஒத்துழைத்தால் என் ஓட்டு கிடாரிப்பட்டிக்கே. வயதானவர்களை அழைத்துப் போனால் கீழவளவு.