ஏற்காட்டில் மினுக்கிய 36,000 ரூபாய்

பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் 25 வருஷம் கழித்து ஏற்காட்டில் கூடினோம். குடும்பங்களோடு 200 பேர். பாட்டுக் கச்சேரியின்போது எல்லோர் கையிலும் ஒளிப்பட்டை கட்டலாம் என்று சொன்னவன் நான். அதனால் திட்டு வாங்கியவனும் நானே.

2025 ஜனவரியில் அகமதாபாத்தில் நடந்த கோல்ட்ப்ளே இசைக்குழுவின் நிகழ்ச்சியை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தார் கையில் கட்டிய ஒளிப்பட்டைகளால் மைதானமே ஒரே நொடியில் நிறம் மாறும். பட்டைக்குள் சின்ன ரிசீவர் இருக்கும். ரேடியோ அலையோ அகச்சிவப்புக் கதிரோ அனுப்பி அதை இயக்குவார்கள். கட்டியிருப்பவர் எதையும் அமுக்க வேண்டாம்.

சேலம் ஸ்வர்ணபுரியில் விழாப் பொருட்கள் வாடகைக்கு விடும் ஒருவர், "அதே ஐட்டம்தாங்கண்ணா" என்று ஐந்து பட்டைகளை மேசையில் வைத்து ரிமோட்டில் காட்டினார். ஐந்தும் சேர்ந்தே நிறம் மாறின. பட்டைக்கு 180 ரூபாய். முன்பணம் 20,000 ஜிபேயில் அனுப்பினேன். பில்? "வாட்ஸப்புல அனுப்பறேங்ணா." இன்றுவரை வரவில்லை.

விழாவன்று மாலை ஆறு மணிக்குக் கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறிப் பெட்டி வந்தது. கொண்டுவந்த பையன் மீதி 16,000 வாங்கிய பிறகே இறக்கினான். பிரித்தால் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பட்டன்! கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடையில் பிள்ளைகள் அழுது வாங்குமே, அதே சாமான். அமுக்கினால் நீலமாக மினுக்கும், மறுபடி அமுக்கினால் வேகமாக மினுக்கும். 200 பேரும் ஆளுக்கொரு தாளத்தில் மினுக்கினோம்.

போன் செய்தேன். "மலையில டவர் கம்மிங்ணா, அதான் சிங்க் ஆகலை." இந்தப் பட்டைக்கும் செல்போன் டவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்புறம் போனையே எடுக்கவில்லை.

உங்கள் வீட்டு விழாவுக்கு யாராவது இதைச் சொன்னால், மேசை மேல் காட்டுவதை நம்பாதீர்கள். டிரான்ஸ்மிட்டரும் அதை இயக்கும் ஆளும் வருவார்களா என்று கேளுங்கள். அகச்சிவப்பு என்றால் டிவி ரிமோட் மாதிரிதான், நேராகப் பட வேண்டும், தூணுக்குப் பின்னால் நிற்பவருக்கு எட்டாது. ரேடியோவுக்கு அந்தத் தொல்லை குறைவு. விழா நடக்கும் இடத்திலேயே, கடைசி வரிசை வரை நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

ஜிபே ரசீதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்திருக்கிறேன். இதற்கிடையில் அவர் எங்கள் கூட்டத்தின் படத்தையே வாட்ஸப் ஸ்டேட்டஸில் விளம்பரமாகப் போட்டிருக்கிறார். படத்தில் பார்த்தால் எல்லாப் பட்டையும் ஒன்றாக எரிவது போலத்தான் தெரிகிறது.