நடுநாளா, பின்பயணமா? டெனெரீஃப் மாநாட்டுக்குப் போகிறவர்கள் களப்பயணத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

எரிமலைத் தீவில் நடக்கும் அறிவியல் மாநாடுகளில் களப்பயணம் பெரும்பாலும் மூன்று விதமாக இருக்கும். மாநாட்டுக்கு முன் சில நாள், நடுவில் ஒரு நாள், முடிந்தபின் மூன்று நான்கு நாள். பதிவுப் படிவத்தில் மூன்றும் ஒரே வரிசையில் இருப்பதால் விலையை மட்டும் பார்த்து டிக் செய்துவிடத் தோன்றும். நான் பின்பயணத்தின் பக்கம். ஸ்பெயினின் கேனரி தீவுகளை, குறிப்பாக டெனெரீஃபை வைத்து அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். 2010இல் எரிமலைகளை ஒட்டிய நகரங்களைப் பற்றிய ‘சிட்டீஸ் ஆன் வால்கேனோஸ்’ மாநாடு இந்தத் தீவின் புவெர்த்தோ தெ லா குரூஸ் ஊரில்தான் நடந்தது. அறிவியல் கூட்டங்களுக்குப் பழகிய இடம் இது.

நடுநாள் பயணத்தின் சாதகங்கள் வெளிப்படையானவை. செலவு குறைவு, பல மாநாடுகளில் பதிவுக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அன்று அமர்வுகள் இருக்காது, கூடுதல் விடுப்பும் வேண்டாம். பேருந்தில் பக்கத்து இருக்கையில் யார் உட்காருவார் என்பது தெரியாததால் புது ஆட்களோடு பேச நல்ல வாய்ப்பு. பேரிடர் மேலாண்மை, சமூகவியல் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இதுவே போதும்.

பாறையைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் சிக்கல். புவெர்த்தோ தெ லா குரூஸிலிருந்து டிஎஃப்-21 சாலையில், தீவின் நடுவிலுள்ள லாஸ் கன்யாதாஸ் மேட்டுக்கு ஏற, பெரிய பேருந்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். காலை எட்டுக்குக் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்பினால் கையில் பத்து மணி நேரம். போகவர, இடையில் நகர, சாப்பிட என்று பாதி போய்விடும். ஐம்பது பேர் இறங்கப் பத்து நிமிடம், மறுபடி ஏறப் பத்து நிமிடம். நாற்பது நிமிட நிறுத்தம் என்று அட்டவணையில் போட்டிருந்தால் பாறை முன்னால் நிற்பது இருபது நிமிடம்தான். அதிலும் பின்வரிசையில் நிற்பவருக்கு வழிகாட்டி பேசுவது காற்றில் கேட்காது.

டிஎஃப்-24 சாலையோரம் ‘லா தார்த்தா’ என்றொரு வெட்டு இருக்கிறது. கருப்பு, வெள்ளை, செம்பழுப்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து போகும். கருப்பு பசால்ட் வகைத் துகள். வெள்ளை, வெடிப்பு எரிமலை வீசிய நுரைக்கல். சிவப்பு, சூட்டோடு காற்றுப் பட்டு ஆக்சிஜன் ஏறிய பகுதி. இருபது நிமிடத்தில் நிறத்தைப் பார்த்துப் படம் எடுக்கலாம். வெள்ளைப் பட்டை எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, கீழ் எல்லை கூர்மையாக இருக்கிறதா மங்குகிறதா என்று பார்க்க வேண்டுமானால் அருகே போய்க் கண்ணாடி வில்லையோடு நிற்க வேண்டும். எட்டுப் பேர் வேனில் வரும் பின்பயணத்தில் இது நடக்கும், ஐம்பது பேர் கூட்டத்தில் நடக்காது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று, மாற்று நாள். காற்றோ மழையோ ஒரு நிறுத்தத்தை மூடிவிட்டால் அதை இன்னொரு நாளுக்குத் தள்ள முடியுமா? நடுநாள் பயணத்தில் முடியவே முடியாது, மறுநாள் காலை ஒன்பதுக்கு அமர்வு தொடங்கிவிடும்.

அந்த மேட்டிலிருந்து எழும்பும் தெய்தே எரிமலைச் சிகரத்தின் உயரம் 3,715 மீட்டர். கேபிள் கார் 2,356 மீட்டரில் கிளம்பி எட்டு நிமிடத்தில் 3,555 மீட்டருக்குப் போகும். மேல் நிலையத்தில் காற்று வேகம் கூடினால் நிறுத்திவிடுவார்கள். அது காலையில்தான் தெரியும். இங்கேதான் வெளியூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். வடகிழக்குத் தடக்காற்று கொண்டுவரும் ஈரம் தீவின் வடசரிவில் மோதி மேகமாகத் தங்கும். அதற்கு மேல் வெப்பமான உலர்ந்த காற்றடுக்கு மூடிபோல் உட்கார்ந்திருப்பதால் மேகம் மேலே ஏறாது. விடுதி ஜன்னலில் சாம்பல் வானமாக இருக்கும், 2,000 மீட்டரில் பளிச்சென்று வெயில் அடிக்கும். ஆகவே கீழே மூட்டமாக இருக்கிறதே என்று பயணத்தைக் கைவிட வேண்டாம். மேலே நீலவானம் என்றால் கேபிள் கார் ஓடும் என்றும் நம்ப வேண்டாம். மேகமும் சிகரக் காற்றும் தனித்தனிக் கணக்கு.

நான்கு நாள் பின்பயணத்தைச் சரியாகத் திட்டமிடுபவர் கேபிள் காரை முதல் நாளில் வைப்பார். அன்று மூடியிருந்தால், மூன்றாம் நாளுக்கு வைத்திருந்த ரோகேஸ் தெ கார்சியா பாறைகளைச் சுற்றிவரும் நடையை (ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர்) முன்னுக்கு இழுத்துக்கொள்வார். கேபிள் காரைக் கடைசி நாளில் வைத்திருந்தால் அந்தத் திட்டத்துக்கும் நடுநாள் பயணத்துக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமே இல்லை.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. மேல் நிலையத்திலிருந்து உச்சிக்குப் போகும் பாதைக்குத் தனி அனுமதி வேண்டும். எண்ணிக்கை வரம்பு உண்டு, நாள், நேரம், பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் அதில் பதிவாகும். அன்று கேபிள் கார் நின்றால் அனுமதியும் அன்றோடு போச்சு, மாற்று நாளில் உச்சி கிடைக்காமல் போகலாம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். உச்சி கிடைக்காவிட்டாலும் மேல் நிலையப் பக்கமிருந்து பக்கத்து எரிமலையான பீக்கோ வியெஹோவின் ஏறத்தாழ 800 மீட்டர் அகல எரிமலை வாயைப் பார்ப்பதே புவியியலாளருக்குப் பெரிய வரவு.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் மட்டத்தில் தூங்கி எழுந்து அதே காலையில் 3,555 மீட்டரில் நிற்பது பலருக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் தரும். பின்பயணத்தில் முந்தைய இரவை இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் கழித்தால் இது குறையும். இதய நோய் உள்ளவர்கள் எந்தப் பயணமானாலும் கேபிள் காரைத் தவிர்ப்பது நல்லது.

விவாதத்துக்கும் நேரம் வேண்டும். லாஸ் கன்யாதாஸ் கால்டெரா (எரிமலைப் பெரும்பள்ளம்), அடியில் உருகிய பாறைக்குழம்பு தேங்கும் மாக்மா அறை காலியாகி நிலம் உள்வாங்கியதால் வந்ததா, வடபுறம் கடலுக்குள் சரிந்த மாபெரும் நிலச்சரிவால் வந்ததா என்பது நீண்டகாலச் சண்டை. நிலச்சரிவுக் கட்சிக்கு வலுவான சான்று, குடிநீருக்காக மலைக்குள் குடைந்த சுரங்கங்களில் கிடைத்தது. தீவில் இத்தகைய ‘கலேரியா’க்கள் ஆயிரத்துக்கும் மேல். இகோத் பள்ளத்தாக்கின் அடியில் தோண்டியவர்கள் ‘மோர்த்தலோன்’ என்று அழைத்த நொறுங்கிய கற்களின் அடுக்கைத் தொட்டார்கள். அது சரிந்த மலையின் சிதைவு. உள்வாங்கல் கட்சிக்கோ தெற்குக் கரையோரம் பந்தாஸ் தெல் சூர் பகுதியில் பரந்து கிடக்கும் நுரைக்கல், இக்னிம்பிரைட் (சூடான சாம்பலும் வாயுவும் பாய்ந்து படிந்த பாறை) படிவுகள் சான்று. இரண்டு பக்கத்தையும் நேரில் பார்க்கத் தீவின் இரண்டு முனைக்கும் போக வேண்டும். அது ஒரே நாளில் ஆகாது. (கலேரியாவுக்குள் யாராவது ‘சும்மா எட்டிப் பார்க்கலாம்’ என்று அழைத்தால் போகவே கூடாது. கார்பன் டை ஆக்சைடு தேங்கி ஆக்சிஜன் குறைந்திருக்கும். 2007 பிப்ரவரியில் லாஸ் சிலோஸ் பகுதியில் இப்படி நுழைந்த ஆறு பேர் இறந்தார்கள்.)

பின்பயணம் லா பல்மா தீவையும் சேர்த்தால் என் தயக்கம் முழுக்கப் போய்விடும். 2021 செப்டம்பர் 19 முதல் டிசம்பர் 13 வரை அங்குள்ள கும்ப்ரே வியெஹா எரிமலைத் தொடர் வெடித்து 1,200 ஹெக்டேருக்கு மேல் லாவாவில் மூழ்கியது. தொதோக்கே ஊர் போயே போய்விட்டது. லாவாவின் உட்பகுதி ஆறப் பல வருடம் ஆகும், அதன் மேல் சாலை போட்டவர்கள் அந்தச் சூட்டோடுதான் போராடினார்கள். புவெர்த்தோ நாவோஸில் வெடிப்பு நின்றபின்னும் கார்பன் டை ஆக்சைடு வாயு காரணமாக மக்கள் நெடுநாள் வீடு திரும்ப முடியவில்லை. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடித்தளங்களிலும் தாழ்ந்த அறைகளிலும் தேங்குகிறது. எரிமலை வாய்ப் பக்கம் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக முடியும். அதே தீவின் பார்ராங்கோ தெ லாஸ் அங்குஸ்தியாஸ் பள்ளத்தாக்கில், கடலடியில் தலையணை வடிவில் உறைந்து உருவான ‘தலையணை லாவா’ மேலே தூக்கப்பட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. தீவு கடலுக்குள் பிறந்த கட்டத்தை நடந்துபோய்ப் பார்க்கக் கிடைப்பது அரிது. மழை பெய்தால் அங்கே திடீர் வெள்ளம் வரும், பாதையை மூடிவிடுவார்கள். இங்கும் மாற்று நாள்தான் காப்பாற்றும்.

செலவு கூடும், மறுக்கவில்லை. குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் பின்பயணத்தை ரத்து செய்வதும் உண்டு. உறுதிக் கடிதம் வரும்வரை மாற்றமுடியாத விமானச்சீட்டு எடுக்காதீர்கள். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசாவும் இதோடு சேர்ந்த விஷயம். அழைப்புக் கடிதத்தில் மாநாட்டுத் தேதி மட்டும் இருந்தால் விசாவும் அதை ஒட்டியே முடியக்கூடும். களப்பயணத்தின் கடைசி நாள்வரை குறிப்பிட்டுக் கடிதம் தரச் சொல்லிக் கேளுங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. ஆனால் சில காப்பீடுகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடக்கும் விபத்தை ஏற்பதில்லை. 3,000 மீட்டர் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

முன்பயணம் பற்றிச் சுருக்கமாக: பெட்டி தாமதமாக வந்தால் நடைக்காலணி இல்லாமல் லாவாமேல் நடக்க வேண்டியிருக்கும், நேர வித்தியாசக் களைப்பு தீர்ந்திருக்காது, உரைத்தாள் பாதியில் நிற்கும். ஆனால் யாரையும் தெரியாமல் தனியாக வரும் மாணவருக்கு மாநாடு முழுக்கக் கூடவே சாப்பிட ஒரு கூட்டம் முன்பயணத்தில் கிடைக்கும். அவர்களுக்கு அதுவே பின்பயணத்தைவிட மேலானதாக இருக்கலாம், இதில் என் முடிவு அவ்வளவு உறுதியானதல்ல.

பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கேபிள் கார் எந்த நாளில், மூடினால் அன்று என்ன, உச்சி அனுமதியை யார் எடுக்கிறார்கள், வண்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ‘வானிலையைப் பொறுத்து’ என்று மட்டும் பதில் வந்தால் அங்கே மாற்றுத் திட்டம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றிக் கல் எடுக்கக்கூடாது, மாதிரி வேண்டுமானால் அதையும் மாதங்களுக்கு முன்பே கேட்டாக வேண்டும்.

திரும்பும் சீட்டில் கவனம் தேவை. டெனெரீஃபில் இரண்டு விமான நிலையங்கள். லா பல்மாவிலிருந்து வரும் விமானங்கள் பெரும்பாலும் வடக்கில் இறங்கும், வெளிநாட்டு விமானங்கள் பல தெற்கிலிருந்து கிளம்பும். வடக்கு நிலையம் 600 மீட்டருக்கு மேல் இருப்பதால் மூடுபனிக்குப் பேர்போனது. இரண்டு தனித்தனிச் சீட்டுகளை ஒரே நாளில் இணைக்காமல், நடுவில் ஒரு இரவு விட்டுப் பதிவு செய்யுங்கள்.