சென்சார் கிளீனிங் என்ற பெயரில் ஏமாற்று: எஃப்/16 படம் காட்டாத கடையில் காசு கொடுக்காதீர்கள்

கல்யாண வேலை செய்யும் ஒரு போட்டோகிராஃபரின் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா. வானம் வரும் படங்களில் மட்டும் நாலைந்து சாம்பல் புள்ளிகள் தெரிந்தன. சென்னையில் ஒரு கடையில் சென்சார் கிளீனிங்குக்கு, அதாவது கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சென்சாரைச் சுத்தம் செய்யக் கொடுத்தார். கூலி 1,500 ரூபாய். கேமராவை உள்ளே எடுத்துப் போனார்கள், இருபது நிமிடத்தில் திரும்ப வந்தது. கடைக்குள்ளேயே டியூப்லைட் வெளிச்சத்தில், எஃப்/4-இல் (எஃப் எண் என்பது லென்ஸ் திறப்பின் அளவு, எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) ஒரு படம் எடுத்துப் பின்பக்கத் திரையில் காட்டி, "பாருங்க சார், சுத்தமா இருக்கு" என்றார்கள்.

மறுநாள் வெளிப்புறப் படப்பிடிப்பு. பழைய புள்ளிகளில் மூன்று அப்படியே இருந்தன. அதோடு படத்தின் மேல் ஓரத்தில், காய்ந்த நீர்த்துளி விட்ட தடம் போல வளைய வளையமாக மங்கல் திட்டுகள். நடுவில் முடி போல ஒரு மெல்லிய கோடு. திரும்பப் போய்க் கேட்டதற்கு வந்த பதில்: "சென்சார்ல ஃபங்கஸ் சார். கோட்டிங்கே போயிடுச்சு. சென்சாரை மாத்தணும், 42,000 ஆகும்."

அந்தக் கேமராவில் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை இல்லை. சென்சார் கண்ணாடியின் மேல்பூச்சான கோட்டிங் போகவில்லை. சென்சாரை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. சென்சார் துடைக்கும் துணி சுற்றிய தட்டைக் குச்சியான ஸ்வாப் மூன்றில் அந்தத் திட்டுகள் முழுக்கப் போய்விட்டன. போகாதது அந்த முடிக்கோடு மட்டும். அது அந்த இருபது நிமிடத்தில் யாரோ காய்ந்த துணியால் தேய்த்ததில் விழுந்த கீறல். கீறலைக் கிளீனிங் எடுக்காது.

திட்டுகள் எப்படி வந்தன என்பதை அவற்றின் வடிவமே சொல்லிவிடும். டப்பாவில் அடைத்த காற்று என்று விற்கும் ஸ்ப்ரேயில் இருப்பது காற்று அல்ல, அழுத்தத்தில் திரவமாக்கிய வாயு. டப்பாவைச் சாய்த்தாலோ குலுக்கினாலோ வாயுவுக்குப் பதில் அந்தத் திரவமே பீய்ச்சி அடிக்கும். குளிர்ச்சியில் கண்ணாடி மேல் பனி போலப் படிந்து, காயும்போது வளையத் தடம் விடும். கம்ப்யூட்டர் கீபோர்டுக்கான சாமான் அது. கேமராவுக்குள் அதை அடிப்பவர் கையில் உங்கள் கேமரா இருக்கக் கூடாது.

கடைக்காரர் எஃப்/4-இல் படம் எடுத்துக் காட்டியதில்தான் இந்த ஏமாற்றின் சூட்சுமம் இருக்கிறது. தூசி சென்சாரின் சிலிக்கான் மேல் உட்காருவதில்லை. அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடியின் மேல் உட்காருகிறது. அந்த இடைவெளி 2 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தூசியின் நிழல் எவ்வளவு கலங்கும் என்பது, அந்த இடைவெளியை எஃப் எண்ணால் வகுத்தால் கிடைக்கும். எஃப்/16-இல் 0.125 மி.மீ. எஃப்/2.8-இல் 0.7 மி.மீ. ஃபுல் ஃபிரேமின் 36 மி.மீ. அகலத்தில் 6,000 பிக்சல் இருந்தால், முதலாவது சுமார் 20 பிக்சலுக்குள் கூர்மையாக நிற்கும் புள்ளி. இரண்டாவது சுமார் 120 பிக்சலுக்குப் பரவிக் கரைந்துபோகும் நிழல். தூசி அங்கேயே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. எஃப்/4-இல் பெரும்பாலான அழுக்குச் சென்சார்களைச் சுத்தமானதாகக் காட்டிவிடலாம். போர்ட்ரெய்ட் மட்டும் எடுப்பவர்கள் வருடக்கணக்கில் தூசியைக் கவனிக்காமலேயே இருப்பதற்கும் காரணம் இதுதான்.

ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப்/16, மேனுவல் ஃபோகஸ். லேப்டாப் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து அருகே வைத்து, ஃபோகஸை இன்ஃபினிட்டிக்குத் திருப்பிவிடுங்கள். ஷட்டர் ஒரு விநாடிக்கு மேல் இருக்கட்டும், திறந்திருக்கும்போது கேமராவை மெல்ல ஆட்டுங்கள். திரையில் உள்ள தூசியும் பிக்சல் வரிசையும் இழுபட்டு மறைந்துவிடும், சென்சாரில் உள்ளது மட்டும் அசையாமல் நிற்கும். கம்ப்யூட்டரில் 100 சதவீதத்தில் பாருங்கள், கான்ட்ராஸ்டைக் கூட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். எஃப்/22-க்குப் போக வேண்டாம். அங்கே எந்தச் சென்சாரும் அழுக்காகத்தான் தெரியும், வீண் பதற்றம்.

லென்ஸைக் காட்டி ஏமாற்றுவதும் நடக்கிறது. லென்ஸின் முன்கண்ணாடியில் டார்ச் அடித்து, "உள்ளே எவ்ளோ தூசி பாருங்க" என்று சொல்லி லென்ஸ் சர்வீஸையும் சேர்த்து பில் போடுவார்கள். முன்கண்ணாடித் தூசி படத்தில் கூர்மையான புள்ளியாக விழாது. சந்தேகம் இருந்தால் வேறு லென்ஸ் மாட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். புள்ளி அதே இடத்தில் இருந்தால் சென்சார்தான். ஃபங்கஸ் என்ற பேச்சும் அப்படியே. ஈரக்காற்று உள்ள ஊரில் பையிலேயே மூடிக் கிடக்கும் லென்ஸில் ஃபங்கஸ் வருவது உண்மை. அது வேர் விட்டது போல, சிலந்தி வலை போலக் கிளைக்கும். வட்டப் புள்ளிகள் ஃபங்கஸ் அல்ல.

பெரும்பாலான தூசிக்குக் கடையே தேவையில்லை. கையில் இருக்க வேண்டியது ஒரு நல்ல ரப்பர் ப்ளோயர். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள். வீடு கூட்டிய உடனே இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ப்ளோயரை முதலில் வெளியே நாலைந்து முறை அமுக்கி, அதற்குள் இருக்கும் தூசியை விரட்டுங்கள். கேமராவின் வாய் தரையைப் பார்க்க வேண்டும். ப்ளோயர் நுனி மவுண்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தமாக ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி படும், அது காய்ந்தால் தூசியைவிட மோசம்.

டிஎஸ்எல்ஆர் என்றால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். மெனுவில், சென்சாருக்கு முன்னால் நிற்கும் முகம் பார்க்கும் கண்ணாடியை (மிரர்) மேலே பூட்டும் கிளீனிங் வசதியைப் பயன்படுத்துங்கள். பட்டனை அழுத்தியிருக்கும் வரை மூடாத பல்ப் மோடில் ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விரல் நழுவினால், சார்ஜ் தீர்ந்தால், ஷட்டர் இதழ்கள் ஸ்வாப்பின் மேலேயே மூடும், ஷட்டர் போய்விடும். மிரர்லெஸில் சில மாடல்கள் ஆஃப் செய்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். அந்த மூடிய இதழ்கள் மேல் ஊதவும் கூடாது, தொடவும் கூடாது. மெனுவில் மேனுவல் கிளீனிங்கைத் தேர்ந்தெடுத்தால் திறந்து நிற்கும். ஊதிய பிறகு மறுபடி எஃப்/16 படம். புள்ளிகள் போயிருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு மிச்சம் இருந்தாலும் நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. படத்தில் ஒரு புள்ளியை அழிப்பது ஒரு நொடி வேலை.

ஊதியும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பவற்றுக்குத்தான் ஈர ஸ்வாப். அளவு முக்கியம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ., அதற்கு 24 மி.மீ. ஸ்வாப். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி வகைச் சென்சார், நிக்கான், சோனி, ஃபியூஜியில் சுமார் 23.5×15.6 மி.மீ., கேனான் ஏபிஎஸ்-சி சுமார் 22.3×14.9 மி.மீ., இவற்றுக்கு 16 மி.மீ. ஸ்வாப். சென்சாரின் உயரமும் ஸ்வாப்பின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஒரே இழுப்பில் முழுப் பரப்பும் முடியும். பெரிய சென்சாரைச் சின்ன ஸ்வாப்பால் இரண்டு இழுப்பில் துடைத்தால் நடுவில் கோடு நிற்கும்.

24 மி.மீ. ஸ்வாப்பின் நுனியில் இரண்டு அல்லது மூன்று துளி, 16 மி.மீ. என்றால் ஒன்று அல்லது இரண்டு. திரவத்தைச் சென்சார் மேல் நேராக விடவே கூடாது. துளி துணியில் பரவப் பத்து விநாடி விடுங்கள். ஒரு ஓரத்தில் வைத்து, ஸ்வாப்பை லேசாகச் சாய்த்து, பேனாவால் எழுதும் அழுத்தத்தில், மூன்று விநாடியில் மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. தூக்கி, மறுபக்கத்தைத் திருப்பி வைத்து அதேபோல எதிர்த்திசையில் ஒரு இழுப்பு. ஸ்வாப் அத்தோடு குப்பைக்கு. முன்னும் பின்னுமாகத் தேய்ப்பது கூடாது, ஒரு மணல் துகள் துணியில் மாட்டியிருந்தால் அதுதான் கீறல். முதலில் ப்ளோயர், பிறகே ஸ்வாப் என்ற வரிசை அதற்காகத்தான். ஈரம் சில விநாடிகளில் காய்ந்துவிட வேண்டும், காயாமல் நின்றால் துளி அதிகம். சென்சார் அசையும் ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமராவில் அது கொஞ்சம் ஆடும். பயப்பட வேண்டாம், அதைக் கையால் பிடித்து நிறுத்தவும் வேண்டாம்.

முதல் இழுப்புக்குப் பிறகு அழுக்கு கூடியதாகத் தெரிந்தால், பெரும்பாலும் ஸ்வாப் சென்சார் சட்டத்தின் பக்கச் சுவரில் உரசி அங்கிருக்கும் கிரீஸைக் கொண்டுவந்திருக்கும். புது ஸ்வாப்பில் சுவரைத் தொடாமல் இன்னொரு முறை போதும். திரவம் ஏதென்றும் பாருங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், தடம் விடும். வீட்டு ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தில் அம்மோனியா இருக்கலாம், கோட்டிங்குக்கு ஆகாது. சென்சாருக்கென விற்கும் சில திரவங்கள் சுத்தமான மெத்தனால். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அத்தனை உயிர்களைக் குடித்த அதே மெத்தனால். லேபிள் இல்லாத சீசாவில் யார் ஊற்றிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கியதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல், அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சி இழை உதிர்க்கும். தூசியை ஒட்டி எடுக்கும் ஜெல் குச்சிகளில் மலிவான போலிகள் பசையை அப்படியே சென்சாரில் விட்டுப் போகும், அதை எடுக்க இன்னும் நாலு ஸ்வாப் செலவாகும்.

எத்தனை முறை துடைத்தாலும் சில நூறு படங்களில் அதே மூலையில் புள்ளிகள் திரும்ப வந்தால் அது வெளித்தூசி அல்ல, ஷட்டர் பகுதியிலிருந்து தெறிக்கும் எண்ணெயாக இருக்கலாம். 2012-இல் வந்த நிக்கான் டி600 இதற்குப் பெயர்போனது. படத்தின் இடது மேல் மூலையில் புள்ளிகள் சேர்ந்துகொண்டே போயின. 2014-இல் நிக்கானே, கிளீனிங் செய்தும் தீராதவர்களுக்கு ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட கேமராவுக்கு மாதம் ஒரு கிளீனிங் பில் போடும் கடை உங்கள் காசை எடுக்கிறது, நோயைத் தொடவில்லை.

கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பாடியை மட்டும் மூடி போட்டுக் கொடுங்கள். லென்ஸ், மெமரி கார்டு, ஸ்ட்ராப் வேண்டாம். பாடியின் சீரியல் எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எந்தத் திரவம், எந்த ஸ்வாப் என்று கேளுங்கள், பிரிக்காத உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். வேலை உங்கள் எதிரே நடக்க வேண்டும். உள்ளே போனால்தான் முடியும் என்றால் வேறு கடை பாருங்கள். முடிந்ததும் எஃப்/16-இல் சோதனைப் படம் எடுத்து, வீட்டில் எடுத்த படத்தோடு வைத்து உங்கள் லேப்டாப்பில் பாருங்கள், காசு அதற்குப் பிறகு. ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: முன்னாலிருந்து சென்சாரைப் பார்க்கையில் இடது இடதாகவே இருக்கும், மேல் கீழாகிவிடும். படத்தின் இடது மேல் புள்ளி சென்சாரின் இடது கீழே இருக்கிறது. "அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல" என்று தப்பான மூலையைக் காட்டுவார்கள்.

சென்சாரையே மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். கேமரா கம்பெனியின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். மாற்றிவிட்டார்கள் என்றால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

அந்தப் போட்டோகிராஃபரிடம் கிளீனிங்குக்கு முன் எடுத்த எஃப்/16 படம் இருந்தது, அதில் கீறல் இல்லை. அதனால்தான் கடையோடு பேச முடிந்தது. 1,500 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டார்கள், கீறலுக்கு மட்டும் பொறுப்பேற்க மறுக்கிறார்கள். ரசீது, இரண்டு படங்கள், 42,000 ரூபாய் எஸ்டிமேட் மூன்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறார். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் அங்கே மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. அந்தக் கீறல் எஃப்/8 வரை தெரிவதில்லை. எஃப்/11 தாண்டினால் வானத்தில் தெரிகிறது, ஒவ்வொரு படத்திலும் கையால் அழிக்க வேண்டியிருக்கிறது.